நீளம் பாய்தல் குழியில் பலாக்கொட்டை

பார்வதி ஓடி வந்தாள், பாய்ந்தாள், மணலில் விழுந்தாள். எழும்பவில்லை.

நான் அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு குழியின் ஓரத்தில் நின்றிருந்தேன். மறு நுனி விளையாட்டு மாஸ்டரின் கையில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு வாய்த்த ஒரே விளையாட்டு வேலை இந்த நாடா பிடிப்பதுதான். ஓடச் சொன்னால் ஓடுகிற உடம்பு இல்லை என்னுடையது. உம்மாவின் சமையலில் வளர்ந்த உடம்பு.

"எழும்பு பார்வதி, அடையாளம் கலையுது" என்றேன். அவள் தன் கால் தடத்தின் மேலேயே குப்புறக் கிடந்தாள். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் கழித்து அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? சிரித்தேன்தான்.

மாஸ்டர் நாடாவைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவளைப் புரட்டினார். உதடெல்லாம் மணல். ரவீந்திரன் குழாயடிக்கு ஓடி, கையில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தான். வரும் வழியிலேயே பாதி ஒழுகிவிட்டது. மிச்சத்தை அவள் முகத்தில் தெளித்தான். கண்ணைத் திறந்தவள் முதலில் கேட்டது, "எவ்வளவு சேர்?" என்றுதான். எவ்வளவு தூரம் பாய்ந்தாள் என்று தெரிய வேண்டுமாம்.

"அத விடு. காலையில என்ன சாப்பிட்ட?"

"சாப்பிட்டேன் சேர்."

"என்னத்த?"

"சாயத்தண்ணி."

பால் இல்லாத வெறும் தேநீர், அவ்வளவுதான். மாஸ்டர் தன் சட்டைக் கையால் அவள் வாயிலிருந்த மணலைத் துடைத்துவிட்டார். எப்போதும் கத்துகிற மனிதர். அன்று முழுக்க அவர் சத்தமே கேட்கவில்லை.

ஆண்டு கேட்காதீர்கள்

மாத்தளையில், எழுபதுகளின் முற்பகுதி என்று மட்டும் சொல்கிறேன். எந்த ஆண்டு என்று கேட்டு எழுதாதீர்கள். என் ஞாபகத்தில் ஆண்டுகள் இல்லை, சாப்பாடுதான் இருக்கிறது.

பாணுக்கு, அதாவது பேக்கரி ரொட்டிக்கு, வரிசையில் நின்ற காலம் அது. விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்த கையோடு நானா, என்னுடைய அண்ணன், போய் வரிசையில் நிற்பார். சூரியன் ஏறிய பிறகு அரை றாத்தல் பாணும் ஒரு சண்டைக் கதையும் கொண்டு வருவார். கூப்பன் அரிசி குறைந்துவிட்டது. ஹோட்டல்களில் சில நாள் சோறே விற்கக் கூடாது என்று சட்டம். மிளகாய், சீனி, பருப்பு எல்லாம் ஊரை விட்டுப் போன உறவுக்காரர்களைப் போல பெயரளவில்தான் இருந்தன. உம்மா மரவள்ளிக் கிழங்கை அவித்தாங்க, துருவினாங்க, பிட்டாக்கினாங்க. நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு எல்லாவற்றையும் சாப்பிட்டேன். வாப்பா கடைத்தெருவில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிறவர். எங்களுக்குப் போனது ருசிதான். வயிறு நிறைந்தே இருந்தது.

தோட்டத்தில் அப்படி இல்லை. அங்கே லயங்களில், வரிசை வீடுகளில், இருக்கிற சனத்துக்குக் கோதுமை மாதான் உயிர். ரொட்டி இல்லாவிட்டால் சாப்பாடு இல்லை. மா வருவது நின்று நின்று வந்தது. வேலையும் வாரத்தில் சில நாள்தான். ஊருக்கு மேலே கொக்கோவும் ரப்பரும் நிற்கிற ஒரு தோட்டத்தின் மேல் கணக்கில், அதாவது மேல் பகுதியில், பார்வதியின் வீடு. வீடு என்றால் ஒரு காம்பரா, ஒரே அறை. அப்பாவுக்கு இழுப்பு நோய். அம்மா மாரியாயி கொக்கோ ஸ்டோரில் வேலை. தம்பி முருகேசுக்கு மூன்று வயது. வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் பகல் முழுக்க இருப்பான். முன்பெல்லாம் அங்கே குழந்தைகளுக்கு மத்தியானம் ஒரு ரொட்டி கொடுப்பார்கள். அதுவும் நின்றுபோயிருந்தது. பார்வதி தன் பங்கு ரொட்டியைத் தம்பிக்கு வைத்துவிட்டு, இறக்கம் இறங்கிப் பள்ளிக்கூடம் வந்து, வெறும் வயிற்றோடு நீளம் பாய்ந்துகொண்டிருந்தாள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக ஒரே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்குச் சாப்பாட்டைப் பற்றி எல்லாம் தெரியும், பசியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மறுநாள் உம்மாவிடம் இரண்டு பார்சல் கேட்டேன்.

"வயித்துக்குள்ள யானை ஈக்கிதா மகள்?" என்று உம்மா கேட்டாங்க. விஷயத்தைச் சொன்னேன். இன்னொரு வாழையிலையை நெருப்பில் வாட்டினாங்க.

பார்வதி பார்சலைப் பிரித்தாள். பாதியைச் சாப்பிட்டாள். மீதியைப் பழையபடி மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்தாள். தம்பிக்கு. நான் சுற்றிப் பார்த்தேன். எங்கள் வகுப்பில் மட்டும் தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்பது பேர். மத்தியான மணி அடித்ததும் அவர்கள் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடிப்பதும், பிறகு மாமரத்தடியில் ஏதோ வேலை இருப்பது போல நிற்பதும் அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

பழம் உங்களுக்கு, கொட்டை எங்களுக்கு

தோட்டத்துப் பிள்ளைகளின் பசிக்கு ஏதாவது செய்ய ஒரு சங்கம் ஆரம்பித்தது ரவீந்திரன். அவன் கோயில் தர்மகர்த்தா குடும்பத்துப் பிள்ளை. நன்றாகப் பேசுவான், நிறுத்தத்தான் தெரியாது. முதல் கூட்டத்தில் அரை மணி நேரம் உலக நாடுகளின் உணவுப் பிரச்சினை பற்றிப் பேசினான். நான் செயலாளர். கூட்டக் குறிப்பில், 'தலைவர் உரையாற்றினார்' என்று ஒரே வரியில் எழுதினேன். அதற்காக என்னோடு இரண்டு நாள் கோபம்.

திட்டத்தைச் சொன்னது பார்வதி. அவள் பேசியதே அந்தக் கூட்டத்தில் இரண்டு வாக்கியம்தான்.

"இப்ப பலாக்கா இருக்கு, நாங்களும் அவிச்சுத் திங்கிறோம். மழை வந்தா ஒன்னும் இருக்காது, அப்பத்துக்குக் கொட்டைய சேத்து வைக்கலாம்."

மாத்தளையில் பலா காய்க்கிற மாதங்களில் காலை வைக்க இடமிருக்காது. தின்றது போக மிச்சம் மரத்தடியில் பழுத்து விழுந்து ஈ மொய்க்கும். பழத்தை அறுக்கிற வேலைதான் யாருக்கும் பிடிக்காது. பால் கையில் ஒட்டினால் லேசில் போகாது. இதைப் பிடித்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தியும் தேங்காய் எண்ணெயும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். உங்கள் பழத்தை நாங்கள் அறுத்துச் சுளை எடுத்துத் தருகிறோம், கொட்டையை மட்டும் எங்களுக்குத் தாருங்கள். இதுதான் பேச்சு. பிச்சை கேட்கிற வேலை என்றால் பார்வதி வந்திருக்க மாட்டாள். இது கூலி வேலை. அறுத்தோம், எடுத்தோம்.

கடைத்தெருவில் எங்களுக்குப் 'பலாக்கொட்டைச் சங்கம்' என்று பெயர் விழுந்தது. வாப்பாவின் கடைக்கு வருகிறவர்கள், "என்ன முதலாளி, மகள் கொட்டை யாவாரத்தில இறங்கிட்டாவாம்" என்று கிண்டலடித்தார்கள். வாப்பா சிரித்துச் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் பாவாடையில் பிடித்திருந்த பலாப் பாலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

வஹகோட்டை கிறிஸ்தவக் கோயில் திருவிழாவை நான் மறக்க மாட்டேன். எங்கெங்கிருந்தோ வந்த சனம் கோயிலைச் சுற்றி மரத்தடிகளில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் ஒவ்வொரு மரத்தடியாகப் போய் அறுத்தோம். நீர்கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் எங்களை உட்கார வைத்துச் சோறு போட்டது. முக்காடு போட்ட நானும், திருநீறு பூசிய ரவீந்திரனும், மெழுகுதிரி வாசத்துக்கு நடுவில் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். திரும்பும்போது ஒரு சாக்கு நிறையக் கொட்டை.

மணலுக்கு எங்கே போவது?

கொட்டையைச் சும்மா குவித்து வைத்தால் புழுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். வழி பக்கத்து ஊர் அலுவிகாரையில் கிடைத்தது. சோமா என்று ஒரு சிங்களப் பெண். எங்களை விட இரண்டு வயது மூப்பு இருப்பாள், புதிதாகக் கல்யாணம் ஆனவள். அவள் வீட்டுப் பழத்தை அறுத்து முடித்ததும், கொட்டையை என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டாள். சொன்னோம். அடுப்பெரிகிற குசினிக்குள் கூட்டிப்போய் மூலையில் கிடந்த மணல் குவியலைக் கையால் விலக்கிக் காட்டினாள். உள்ளே, போன பருவத்துக் கொட்டை, நேற்றுப் போட்டது போல இருந்தது.

"வியளி வெலி ஓனே, நங்கி" என்றாள். உலர்ந்த மணலாக இருக்க வேண்டும், தங்கச்சி.

எனக்கு நன்றாகச் சிங்களம் தெரியும். நன்றாகக் கேட்டேன். கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் 'உலர்ந்த மணல்' என்று என் கையாலேயே எழுதினேன். கீழே கோடும் போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் மணல் இருந்த ஒரே இடம் நீளம் பாய்தல் குழி. மாஸ்டரிடம் போய் நின்றோம். அந்தக் குழியில் சருகு விழுந்தால்கூடச் சத்தம் போடுகிறவர் அவர்.

"எடுத்துக்கங்க. பசிச்ச பிள்ளை பாஞ்சு என்னத்தக் கிழிக்கப் போகுது?" என்றார்.

அது வெயில் மாதம். மணல் பொடியாக, கையில் சுட்டது. உலர்ந்த மணலா என்று யாராவது கேட்டிருந்தால் சத்தியம் செய்திருப்பேன். ஐந்து சாக்குக் கொட்டையை அடுக்கடுக்காகப் புதைத்து, மேலே தென்னங்கிடுகு விரித்து, கிடுகு பறக்காமல் கல் வைத்தோம். ரவீந்திரன் உரையாற்றினான். சோமாவின் மணல் கூரைக்குக் கீழே, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது என்பதும், எங்கள் மணல் ஆகாயத்துக்குக் கீழே இருந்தது என்பதும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று பெயரெடுத்தவர்கள் நாங்கள்.

குழியைக் காலையில் பார்க்கிற பொறுப்பு பார்வதிக்கு. எல்லோருக்கும் முந்தி வருகிறவள் அவள்தான்.

மாரியாயி சொன்ன நாள்

பிள்ளைக் காம்பராவுக்கு நாங்களே போய்ச் சொல்லிவிட்டு வருவது என்று தீர்மானம். ரவீந்திரன், நான், பார்வதி மூன்று பேரும் ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. வாரத்தில் ஐந்து நாள் வெறும் வயிற்றோடு பார்வதி ஏறி இறங்குகிற பாதை அது.

பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் சத்தம் போடவில்லை. குழந்தைகள் இருக்கிற இடம் அவ்வளவு அமைதியாக இருக்கக் கூடாது என்று அப்போதே மனதில் பட்டது. முருகேசு என் விரலைப் பிடித்துக்கொண்டான். பிடித்த பிடியில் பலமே இல்லை.

மாரியாயி ஸ்டோரிலிருந்து நேரே வந்தாள். ஒல்லியான, வேகமான பெண். கையெல்லாம் புளித்த கொக்கோ வாடை. ரவீந்திரன் தொண்டையைச் செருமுவதற்கு முந்தி நான் முந்திக்கொண்டேன்.

"தீபாவளி கழிஞ்சதும் ஒவ்வொரு நாளும் அவிச்ச கொட்டை வரும்மா. இங்க இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும்."

"நெசமா வருமா?"

"வரும்."

மாரியாயி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பார்க்க அங்கே நிறையவே இருந்தது.

"இந்தா பாரு புள்ள, மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. கொழும்புல ஒரு வீட்டுக்கு ஆள் கேக்குறாங்க. மூணு வேளையும் சோறு போடுவாங்களாம். இவள அனுப்புறேன்னு தரகர்கிட்ட சொல்லிட்டேன். தீபாவளி கழிஞ்ச ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போக வருவாரு. எம்மவ படிக்கிறவதான், பாயுறவதான், தெரியும். ஆனா அவ போனா அவ பங்கு சின்னவனுக்கு வரும். அவளுக்கும் சோறு கெடைக்கும். ஒங்க கொட்டை வந்து சின்னவன் வயிறு நெறைஞ்சா, இவ நிப்பா. வராட்டிப் போவா. அவ்வளவுதான்."

பார்வதி வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது ஏற்கெனவே தெரியும் போலிருந்தது. எனக்குத்தான் புதுச் செய்தி. இறங்கி வரும்போது ரவீந்திரனும் ஒன்றும் பேசவில்லை. அவன் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

பச்சை

ஐப்பசி மழை மாத்தளைக்குப் புதிது இல்லை. அது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்துக்கென்று சேர்த்த கொட்டையின் மேல் மழை பெய்யும் என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

தீபாவளி முடிந்த செவ்வாய்க்கிழமை காலை. பார்வதி காய்ச்சலில் திங்கள் முதல் பள்ளிக்கூடம் வரவில்லை. ஆகவே நான் குழியைப் பார்க்கப் போனேன். கிடுகுக்கு நடுவால் ஏதோ எட்டிப் பார்த்தது. விரல் நீளத்தில், பளபளவென்று, இளம் பச்சையாக. ஒன்றல்ல. கிடுகைத் தூக்கினேன். குழி முழுக்க.

கையை விட்டுத் தோண்டினேன். ஈர மணல். ஒவ்வொரு கொட்டையும் வெடித்து, வெள்ளை வேர் விட்டிருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் செய்தது, கிடுகை மறுபடியும் மூடியது. இன்னும் இரண்டு கிடுகு கொண்டுவந்து மேலே போட்டதும் நான்தான். புதன்கிழமையும் யாரிடமும் சொல்லவில்லை. ஊரே சிரிக்குமே என்ற பயம் பாதி. மற்றப் பாதி, சொன்னால் பார்வதி போய்விடுவாள் என்பது. சொல்லாவிட்டாலும் போய்விடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளாமல் இரண்டு நாள் கழித்தேன். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உம்மா பயந்து ஓதிப் பார்த்தாங்க.

வியாழக்கிழமை பார்வதி வந்தாள். காய்ச்சலில் முகம் இன்னும் சின்னதாகிவிட்டிருந்தது. அவளை இழுத்துக்கொண்டு போய்க் குழியடியில் நிறுத்தி, அழுதுகொண்டே சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மொளைச்சது. போன கெழமையே தெரியும். தெனம் காலையில வந்து மேல தெரியுறத எல்லாம் கிள்ளி விட்டுருவேன். காச்சல்ல வர முடியல, அதான் ஒனக்குத் தெரிஞ்சிருச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அம்மா அனுப்பிருவாங்க." அவள் குனிந்து ஒரு முளையைக் கிள்ளினாள். "இன்னும் ஒரு கெழம இங்க இருக்கலாம்னு பாத்தேன்."

மழையில் நனைந்துகொண்டு, விடிவதற்கு முந்திப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, தனியாகக் குனிந்து ஒவ்வொரு முளையாகக் கிள்ளியிருக்கிறாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் நன்றாக அழுதோம். அந்த வழியாக வந்த ரவீந்திரன் குழியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன தீர்மானம் போடுறது?" என்று கேட்டான். அடிக்கக் கை ஓங்கினேன்.

கொக்கோ ஸ்டோர்

அன்று பின்னேரமே ஒரு பையில் முளைத்த கொட்டைகளை அள்ளிக்கொண்டு மேல் கணக்குக்கு ஏறினோம். மாரியாயியிடம் நான்தான் சொன்னேன். வாக்குக் கொடுத்த வாய் என்னுடையதுதானே.

அவள் ஒரு கொட்டையை எடுத்து வேரைக் கிள்ளி எறிந்தாள். நகத்தால் தோலை உரித்துப் பச்சையாகவே கடித்துப் பார்த்தாள்.

"கெட்டுப் போகல" என்றாள். "ஆனா இனிமே வச்சிருக்க ஏலாது. இன்னும் பத்து நாள் விட்டா எல்லாம் கன்னாப் போயிரும், கொட்டை சக்கையாயிரும். எவ்வளவு இருக்கு?"

"அஞ்சு சாக்கு."

"அஞ்சு சாக்க ஒரே நாள்ல அவிச்சுப் போட்டா, புள்ளைங்க வயிறு வெடிச்சிரும். மறுநாள் பழையபடி பட்டினி." கொட்டையைக் கையில் உருட்டினாள். "காய வச்சு மாவாக்கிட்டா நிக்கும். ஆனா வெயிலு எங்க இருக்கு?"

வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாரியாயி ஸ்டோர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே மழையிலும் புகை போய்க்கொண்டிருந்தது.

கொக்கோ ஸ்டோரை ஒரு முறை பார்த்தால் மறக்க முடியாது. கீழே அடுப்பு, மேலே இடைவெளி விட்டு அடித்த பலகைத் தளம். புளிக்க வைத்த கொக்கோ விதையைத் தளத்தில் பரப்பி, அடியிலிருந்து வருகிற சூட்டில் காய வைப்பார்கள். மரப்பலகையால் இடைவிடாமல் கிண்டிக்கொண்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் ஐயா வர மாட்டார். அடுப்பு மட்டும் அணையாது. கிண்டுகிற வேலை மாரியாயியுடையது, சாவியும் அவளிடம். அந்த வாரம் தளத்தில் பாதிதான் கொக்கோ.

"ஐயாகிட்ட கேக்கலாமே" என்றான் ரவீந்திரன்.

"கேட்டா வேணாம்பாரு. வேணாம்னு சொன்ன பொறகு செஞ்சா பேரு வெட்டிருவாரு" என்றாள் மாரியாயி. அதாவது வேலை போய்விடும். "கேக்காம செஞ்சா ஏசுவாரு. ஏச்சு வாங்கி எனக்குப் பழக்கம்."

வெள்ளியும் சனியும் நாங்கள் சாக்குச் சாக்காகத் தோண்டி மேலே ஏற்றினோம். இருபது பிள்ளைகள். சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பாதி வழி ஏறிய மாஸ்டரை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இடித்த அந்த மா எவ்வளவு நாள் வந்தது என்று கேட்பீர்கள். குரக்கன் என்கிற கேழ்வரகு மாவோடு கலந்து, பொங்கல் வரைக்கும் இழுத்துப் பிடித்தோம். அதற்குள் லயத்துக் கோடியில் மழைக்கு முந்தியே நாங்களும் அவர்களுமாக நட்ட மரவள்ளி கிழங்கு வைத்துவிட்டது. கொக்கோச் சூட்டில் காய்ந்த கொட்டை மாவுக்கு ஒரு வாசம் வரும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சாக்லேட் வாசம். சாக்லேட்டைக் கண்ணால் காணாத குழந்தைகள் அந்த ரொட்டியை மோந்து மோந்து தின்றார்கள். முதல் ரொட்டியை முருகேசு என்னிடம் நீட்டி ஒரு கடி கடிக்கச் சொன்னான். நான் கடித்தது பெரிய கடியாகப் போய்விட்டது. வீரிட்டு அழுதான். பிள்ளைக் காம்பராவில் நான் கேட்ட முதல் நல்ல அழுகை. திங்கட்கிழமை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்த ஸ்டோர் ஐயா, மாரியாயியை நன்றாக ஏசிவிட்டு, இரண்டு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டாராம்.

எங்களால் எல்லா வீட்டுக்கும் கொடுக்க முடியவில்லை. அந்த மழைக்காலத்தில் வேறு தோட்டங்களிலிருந்து கொழும்புக்குப் போன பிள்ளைகள் பலர். அதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

சனி இரவே மாரியாயி முதல் சாக்கைத் தளத்தில் பரப்பியிருந்தாள். ஸ்டோருக்குள் சூடும் புகையும் புளித்த வாடையுமாக இருந்தது. லயத்துப் பெண்கள் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து வேரைக் கிள்ளித் தோலை உரித்தார்கள். நாங்கள் வெட்டினோம். மாரியாயி தளத்தில் ஏறி நின்று, ஒரு பக்கம் கொக்கோவும் மறுபக்கம் கொட்டையுமாகக் கிண்டினாள். வெளித் தாழ்வாரத்தில் இரண்டு பேர் உரலில் இடித்த சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பார்வதி என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஒன்று வெட்டுவதற்குள் நாலு வெட்டினாள். அவள் அம்மா அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. போகிறாளா, நிற்கிறாளா என்று கேட்க எங்களுக்கும் தைரியம் இல்லை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தித் தரகர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்த குடை. கெட்ட மனிதராகத் தெரியவில்லை. வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"லயத்துல தேடினேன், இங்க இருக்கீங்கன்னாங்க. ரெண்டு மணி பஸ்ஸப் புடிக்கணும். புள்ளய வரச் சொல்லுங்க."

பெண்கள் கை நின்றது. பார்வதியின் கத்தி பாதி வெட்டிய கொட்டையில் அப்படியே நின்றது. மாரியாயி மட்டும் கிண்டுவதை நிறுத்தவில்லை. தளத்தைப் பார்த்தாள். வாசலுக்குப் பக்கத்தில் நிறைந்து நின்ற மா மூட்டையைப் பார்த்தாள். இன்னும் அவிழ்க்காத சாக்குகளைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. எத்தனை ரொட்டி, எத்தனை நாள் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்திருப்பாள்.

"அவளுக்கு இங்க வேலை இருக்குங்க" என்றாள்.

"வாக்குக் குடுத்தீங்களே. நல்ல வீடு, மூணு வேள சோறு..."

"நல்ல வீடாத்தான் இருக்கும். நான் குடுத்த வாக்கு தப்புங்க, மன்னிச்சிருங்க. எம்புள்ள வரமாட்டா."

அவர் குடையை விரித்துக்கொண்டு இறக்கம் இறங்கிப் போனார். பார்வதி குனிந்து, நின்ற கத்தியை அழுத்தி அந்தக் கொட்டையை இரண்டாக வெட்டினாள். அடுத்ததை எடுத்தாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துப் பார்த்தேன், மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன், புகை என்று சொல்லிப் பார்த்தேன். மடியில் இருந்த கொட்டையின் மேல் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டே இருந்தது.

மாரியாயி தளத்திலிருந்து குனிந்து என்னைப் பார்த்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"அழுவுறதுன்னா வெளிய போயி அழு புள்ள" என்றாள். "கொட்டையில தண்ணி படக்கூடாது."